குனிந்து பார்த்தால் தெரியும் எண்

அந்த மோட்டார் சைக்கிள் சர்வீஸ் நிலையத்தில் அவருக்கும் ஒரு பெயர் இருந்தது, சம்பளச் சீட்டில் மட்டும். மெக்கானிக்குகளுக்கு அவர் ‘வாரண்டி அண்ணன்’. மேலாளருக்கு வெறும் ‘வாரண்டி’. வண்டி கழுவுகிற பகுதியில் இருந்தவர்கள் அவர் காதுபடாமல் ‘கண்ணாடிக் கூண்டு’ என்றார்கள். பத்தொன்பது வருடமாக ஒரு கண்ணாடித் தடுப்புக்குள் உட்கார்ந்து ஒரே கேள்விக்குத்தான் பதில் சொல்லிக்கொண்டிருந்தார்: இந்தப் பழுது கம்பெனி தலையில் விழவேண்டியதா, வண்டிக்காரர் தலையில் விழவேண்டியதா?

அவரை நல்லவர் என்று யாரும் சொன்னதில்லை. கறாரானவர் என்றார்கள். கறாராகவே பாதி ஆயுளைக் கழித்தவர்களுக்கு ஒரு சௌகரியம் உண்டு. தாங்களும் தவறு செய்யக்கூடும் என்ற நினைப்பு அவர்களை அண்டுவதில்லை.

அவர் மேசையில் ஒரு கணினி, ஒரு தொலைபேசி, ஒரு ரப்பர் முத்திரை. மேசைக்கு அடியில் ஒரு இரும்புப் பெட்டி. அதற்குள் சுண்டுவிரல் நீளத்தில் பத்து எஃகுத் துண்டுகள், ஒவ்வொன்றின் நுனியிலும் ஒரு எண். உத்தரவாதத்தில் ஒரு பாகத்தை மாற்றிக் கொடுத்தால், கழற்றிய பழைய பாகத்தின் மேல் அந்தத் துண்டுகளை வைத்துச் சுத்தியலால் ஒரு போடு போட்டு, சர்வீஸ் நிலையத்தின் எண்ணையும் கோரிக்கையின் எண்ணையும் பதிக்கவேண்டும். பழையதைத் துடைத்து மறுபடி யாரும் விற்றுவிடக் கூடாது என்பதற்காக வந்த ஏற்பாடு. எண் விழுந்த பாகம் செத்த பாகம். அந்தக் கம்பெனியின் வண்டி ஓடுகிற எந்த நாட்டுக்குப் போனாலும் அந்த எண்ணுக்கு ஒரே பொருள்தான்: இதற்கு மாற்று கொடுத்தாயிற்று.

முதலில் பாகத்தைக் கழற்றிப் படம் எடுத்து அனுப்பவேண்டும். ஒப்புதல் வந்த பிறகுதான் எண். இந்த வரிசையைப் புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பதே அவர்தான்.

பஸ்காரம்மா வந்த அன்றுதான், வரும் திங்கட்கிழமை ஆய்வாளர் வரப்போகிறார் என்ற செய்தியும் வந்திருந்தது. எண் பதிக்காமல் பதினோரு பழைய பாகங்கள் தேங்கிக் கிடந்தன. 

அந்த அம்மாவுக்கு ஐம்பதைத் தாண்டிய வயது. வேறு நாட்டு எண் பலகை போட்ட வண்டி, இரண்டு பக்கமும் பெட்டிகள், முழங்கால் வரை சேறு. இருபத்தாறு வருடம் ஒரு நகரத்தில் ஒரே வழித்தடத்தில் பஸ் ஓட்டி ஓய்வுபெற்றவர். பஸ் எப்போதும் திரும்பிவிடுகிற ஒரு மூலையில் ஒருநாளாவது திரும்பாமல் நேராகப் போய்ப் பார்க்கவேண்டும் என்று ஆசையாம். போனவர் ஆறாவது நாட்டில் நின்றிருந்தார். இருவருக்கும் பொதுவான ஒரு மொழி அரைகுறையாக வாய்த்திருந்தது. பின் ஷாக் அப்சார்பரிலிருந்து எண்ணெய் கசிந்து டயர்மேல் சொட்டுகிறது, வளைவுகளில் வண்டி வழுக்கப் பார்க்கிறது என்றார். உத்தரவாதம் முடிய இன்னும் ஏழு மாதம் இருந்தது. அந்த நாட்டில் தங்குவதற்கான அனுமதி முடிய மூன்று நாள் இருந்தது. புதிய பாகம் தலைமைக் கிடங்கிலிருந்து வர நான்கு நாளாகும். ஆனால் ஒப்புதல் வந்துவிட்டால், வண்டி பழுதில் நிற்கிறது என்று நிலையம் ஒரு கடிதம் கொடுக்கும். அதைக் காட்டி அனுமதியை ஒரு வாரம் நீட்டிக்கொள்ளலாம்.

வாரண்டிக்காரர் புத்தகத்தைப் பார்த்தார். வண்டியைப் பார்த்தார். சந்தேகத்துக்கு இடமில்லாத கேஸ். ஷாக்கைக் கழற்றச் சொன்னார், படம் எடுத்தார், கோரிக்கையை அனுப்பி அதற்கான பதிவு எண்ணை வாங்கிக்கொண்டார். பிறகு இரும்புப் பெட்டியைத் திறந்துகொண்டு பதினோரு பாகங்களுக்கு முன்னால் உட்கார்ந்தார். அவர் அடித்து முடித்தபோது பன்னிரண்டு பாகங்களில் எண் இருந்தது. வரிசைக் கடைசியில் துடைத்து வைத்திருந்த ஷாக்கும் அவர் கைக்கு ஒரு பழைய பாகமாகத்தான் தெரிந்திருக்கிறது. கைக்குப் பழக்கமானதை மனம் கூடவே நின்று பார்ப்பதில்லை.

இரண்டரை மணி நேரம் கழித்துப் பதில் வந்தது. மறுக்கப்பட்டது. இரண்டாவது சர்வீஸ் குறித்த தூரத்தைத் தாண்டி நானூறு சொச்சம் கிலோமீட்டர் கழித்துச் செய்யப்பட்டிருக்கிறதாம். 

பஸ்காரம்மா கோபப்படவில்லை. தன் ஊர்ப் பட்டறையில் ஒரு இலக்கத்தை மாற்றி எழுதியிருக்கிறார்கள், திருத்தி வாங்கிவிடலாம், ஆனால் அங்கே இரண்டு நாள் விடுமுறை, அது முடிந்து திருத்தம் வருவதற்குள் தான் எல்லையைத் தாண்டியாக வேண்டும் என்று விரல்விட்டுக் கணக்குச் சொன்னார். பழையதையே மாட்டிக் கொடுங்கள், மெதுவாகப் போய்க்கொள்கிறேன் என்றார்.

‘ஸ்பேனர்’ என்று பட்டப்பெயர் வாங்கிய மூத்த மெக்கானிக் ஷாக்கைக் கையில் எடுத்தவர், அதைத் தூக்கிக்கொண்டு கண்ணாடிக் கூண்டுக்கே வந்துவிட்டார்.

“அண்ணே, இதுல நம்பர் விழுந்திருக்கே. இத எப்படித் திருப்பி மாட்டறது?”

வாரண்டிக்காரர் அதைப் பார்த்தார். கோரிக்கையின் ஆறு இலக்கங்களும் ஒரே நேர்கோட்டில், அழகாக, ஆழமாக விழுந்திருந்தன. திங்கட்கிழமை ஆய்வாளர். ஒப்புதலுக்கு முன் எண் அடித்தது தெரிந்தால் நிலையத்தின் உத்தரவாத உரிமையையே நிறுத்திவைப்பார்கள். அதைவிட, பத்தொன்பது வருடத்தில் முதல் தடவையாக ஸ்பேனர் அவரை மட்டமாகப் பார்க்கிற மாதிரிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“மாட்டுங்க.”

“யாராவது பாத்தா?”

“உள்பக்கமாத்தானே வருது. யார் குனிஞ்சு பாக்கப் போறாங்க.”

மாட்டினார்கள். பஸ்காரம்மா குடிக்கத் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, கூண்டுக்குள் எட்டிப் பார்த்து நன்றி சொன்னார். இருபத்தாறு வருடத்தில் டிப்போவில் தன்மேல் ஒரு புகார்கூட வந்ததில்லை, கடைசியில் நானூறு கிலோமீட்டருக்கு மாட்டிக்கொண்டேன் பாருங்கள் என்று சிரித்தார். வாரண்டிக்காரரும் சிரித்தார். சிரித்ததோடு நிற்கவில்லை. ஊரிலிருந்து திருத்தம் வந்துவிட்டால் போகிற வழியில் எந்த நிலையத்திலும் மாற்றிக் கொடுத்துவிடுவார்கள் என்று தைரியம் சொல்லி, அவர் போகிற பாதையில் இருந்த மூன்று நிலையங்களின் முகவரியைத் தன் கையாலேயே ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். எழுதும்போது சொல்லிவிடலாம் என்று நாக்கு நுனிவரை வந்தது. அடுத்து நின்றவர் சாவியால் மேசையைத் தட்டிக்கொண்டிருந்தார்.

பன்னிரண்டாவது நாள் அந்த மூன்றில் முதல் நிலையத்திலிருந்து தொலைபேசி வந்தது. பேசியவரும் ஒரு வாரண்டிக்காரர்தான், அதே சலிப்பு, அதே கறார். ஒரு அம்மா வந்திருக்கிறார், எங்கே வேண்டுமானாலும் மாற்றிக் கொடுக்கலாம் என்று அவர் ஊர் அலுவலகம் கொடுத்த கடிதம் கையில் இருக்கிறது, எல்லாம் சரி, ஆனால் ஷாக்கில் உங்கள் நிலையத்தின் எண் இருக்கிறதே என்றார். இவர் எண்ணைப் படிக்கச் சொல்லிக் கேட்டார். எங்களுடையதுதான் என்றார்.

“அப்போ அங்கயே மாத்திட்டீங்க. அப்படித்தானே?”

“நம்பர் அடிச்சிருந்தா அதுக்கு என்ன அர்த்தம்னு உங்களுக்கே தெரியும்.”

அந்த வாக்கியத்தில் பொய் இல்லை. அதை அவர் பிற்பாடு எத்தனையோ முறை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்திருக்கிறார். ஒரு சொல்கூடப் பொய்யில்லை. பொய் சொல்லத் தெரியாதவர்கள் இப்படித்தான் மாட்டிக்கொள்கிறார்கள். பொய் சொல்லியிருந்தால் அது எங்கே இருக்கிறது என்றாவது தெரிந்திருக்கும்.

எதிர்முனைக்காரர் குரலைத் தாழ்த்தி, புது ஷாக்கை வழியில் எங்கேயோ தள்ளிவிட்டுப் பழையதை மாட்டிக்கொண்டு வந்திருக்கிறார் போல, ஆளைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை என்றார். இவர் கணினியில் அடுத்த கோரிக்கையைத் திறந்தார்.

ஒரு மாதம் கழித்து இரண்டாவது நிலையத்திலிருந்து மின்னஞ்சல் வந்தது. எழுத்து இரண்டு வரிதான். கூட ஒரு படம். ஷாக்கின் எண்ணை ஒரு விரல் தொட்டுக் காட்டிக்கொண்டிருந்தது. நகத்தில் கருப்பு எண்ணெய், மணிக்கட்டில் பழைய தழும்பு. மெக்கானிக்கின் கை இல்லை அது, முகவரித் தாளை வாங்க நீண்ட அதே கை. இதோ பாருங்கள், நான் மறைக்கவில்லை என்று அந்த அம்மாவே குனிந்து காட்டியிருக்கிறார். வாரண்டிக்காரர் பதில் எழுதினார்: ‘எண் எங்களுடையது.’ அவ்வளவுதான்.

மூன்றாவது அழைப்பு ஒரு மதிய வேளையில் வந்தது. நிலையத்துக்காரர் இரண்டு வார்த்தை பேசிவிட்டு, அவங்களே உங்ககிட்ட பேசணுமாம் என்று கொடுத்துவிட்டார்.

“நான் ஒண்ணே ஒண்ணுதான் கேக்கறேன். நீங்க அத மாத்துனீங்களா?”

“ஹலோ?”

“மாத்துனீங்களா இல்லையா, அத மட்டும் இவர்கிட்ட சொல்லிடுங்க.”

“ஹலோ... கேக்கல... லைன் சரியில்ல.”

அவருக்கு எல்லாம் கேட்டது. அந்தப் பட்டறையில் காற்றடிக்கும் இயந்திரம் விட்டு விட்டு ஓடுவதும், யாரோ தகரத்தை இழுப்பதும், அந்த அம்மா மூச்சு விடுவதும்.

“எனக்கு நீங்க பேசறது நல்லாக் கேக்குது” என்றது குரல்.

அவர் தொலைபேசியை வைத்தார். அதற்குப் பிறகு அழைப்பு வரவில்லை. அவர் எழுதிக் கொடுத்த தாளில் நான்காவது முகவரி இல்லை.

மனிதரை எது பிடித்து ஆட்டுகிறது என்பதை வெளியிலிருந்து பார்த்துச் சொல்வது கடினம். பேய் பிடித்தவர்கள் சத்தம் போடுவார்கள் என்பது நம் எதிர்பார்ப்பு. வாரண்டிக்காரர் முன்னைவிட நேரத்துக்கு வந்தார், நேரத்துக்குப் போனார். ஆனால் தொலைபேசியில் அவரால் கேட்கவில்லை என்று சொல்ல முடியாமல் போயிற்று. உண்மையிலேயே இரைச்சலாக இருந்தாலும் ‘கேக்குது, கேக்குது, சொல்லுங்க’ என்று கத்தினார். அப்படிக் கேட்காததற்கெல்லாம் தலையாட்டி, ஒரு முறை செயின் கேட்டவருக்குச் செயின் கவரை வரவழைத்துக் கொடுத்தார்.

அப்புறம் குனிய ஆரம்பித்தார். மருந்துக் கடை வாசல், வங்கி வாசல், எங்கே தன் கம்பெனி வண்டி நின்றாலும் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து பின்சக்கரத்துக்கு உள்ளே தலையை விட்டுப் பார்த்தார். அந்த வண்டி எங்கோ நாலு எல்லைகளுக்கு அப்பால் இருக்கிறது என்று தெரியும். தெரிந்தும் பார்த்தார். எதிர்வீட்டுக்காரர் ஒருநாள் மாடியிலிருந்து, “என்ன சார், பெட்ரோல் கசியுதா, இல்ல நீங்க கசிய வைக்கறீங்களா?” என்று கேட்டார். தெருவே சிரித்தது. இவர் முழங்காலைத் தட்டிக்கொண்டு எழுந்தபோது விரல் நுனியில் எண்ணெய் பட்டிருந்தது. வீட்டுக்குப் போய் சோப்புப் போட்டுக் கழுவினார். சாப்பிடும்போது வாசம் வந்தது. மறுபடி கழுவினார்.

அவர் மனைவிக்கு ஒரு இரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. குழாய்களில் பெயர்ச் சீட்டு ஒட்டிப் பதிவு செய்கிறவர். அதிகம் பேசமாட்டார், ஆனால் எதையும் இரண்டு முறை பார்ப்பார். ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை கணவருடைய சட்டைப் பையிலிருந்து அந்த மின்னஞ்சல் படத்தின் அச்சு கிடைத்தது. மடித்து மடித்து நான்கு துண்டாகக் கிழியப் போகிற நிலை. 

“இது யாரோட விரல்?”

அவர் சொன்னார். எட்டு மாதமாக யாரிடமும் சொல்லாததை, கேட்டவுடன், ஒரு வரி விடாமல் சொன்னார். மனைவி துணி மடிப்பதை நிறுத்தவில்லை.

“எங்க லேப்ல முதல் நாளே சொல்றது ஒண்ணுதான். ரத்தம் எடுக்கறதுக்கு முன்னாடி குழாய்ல பேர ஒட்டாதே.”

“தெரியாமப் பண்ணிட்டேன்மா.”

“அடிச்சது தெரியாம. மாட்டச் சொன்னது?”

அவர் அந்தப் படத்தை வாங்கி மறுபடி மடித்தார். இப்போ யாரும் கேக்கலயே, எல்லாம் அடங்கிப் போச்சு என்றார். மனைவி அவரை முதல் தடவையாக நிமிர்ந்து பார்த்தார்.

“அந்தம்மா இன்னும் எங்கயோ போய் இது என் ஷாக்குதான், நான் திருடல திருடலன்னு சொல்லிக்கிட்டிருக்கும். உங்களுக்கு எங்கங்க அடங்கிச்சு?”

திங்கட்கிழமை அவர் ஒரு கடிதம் எழுதினார். மேலாளர் அறைக்குக் கொண்டுபோனார். மேலாளர் படித்துவிட்டுக் கதவைச் சாத்தினார். ஆய்வு முடிந்து எட்டு மாதமாகிறது, கேட்காத கேள்விக்குப் பதில் எழுதினால் யாரும் பதக்கம் தரமாட்டார்கள், உனக்கு ஓய்வுபெற இன்னும் ஒன்பது வருடம் இருக்கிறது வாரண்டி, வீட்டில் ஏதாவது பிரச்சினையா என்று தணிவாகவே கேட்டார். கெட்ட மனிதர் அல்ல. அவர் சொன்னதில் ஒவ்வொன்றும் நியாயமாக இருந்தது என்பதுதான் வாரண்டிக்காரரைப் பயமுறுத்தியது. தானும் இத்தனை நாள் இந்த நியாயத்துக்குள்தானே குடியிருந்தோம் என்று தோன்றியது.

கூண்டுக்குத் திரும்பிவந்து, தலைமை அலுவலகத்துக்கும், பஸ்காரம்மாவின் ஊர் அலுவலகத்துக்கும், அந்த மூன்று நிலையங்களுக்கும் ஒரே சமயத்தில் அனுப்பினார். கடிதம் நீளமில்லை. இந்த எண் கொண்ட ஷாக் மாற்றப்படவில்லை. ஒப்புதல் வருமுன் எண்ணைப் பதித்தது நான். பதித்ததைத் தெரிந்தே மாட்டச் சொன்னது நான். வண்டிக்காரர்மேல் எந்தத் தவறும் இல்லை. அவர் எந்த நிலையத்துக்கு வந்தாலும் மாற்றிக் கொடுக்கவும். சந்தேகம் இருந்தால் என்னை அழைக்கவும். கீழே தன் சொந்த எண்ணைப் போட்டார்.

இரண்டு வாரத்தில் அவரை மேசையிலிருந்து எடுத்துவிட்டார்கள். வேலை போகவில்லை. புது வண்டிகளைப் பெட்டியிலிருந்து பிரித்துக் கண்ணாடியும் பெடலும் பூட்டுகிற பின்கட்டுக்கு மாற்றினார்கள். ஸ்பேனர்தான் அங்கே அவருக்கு மேல். முதல் நாள், “வாங்க அண்ணே, இங்க எல்லாம் புதுசு, எதுலயும் ஒரு பழுதும் இல்ல, நீங்க தீர்ப்புச் சொல்ல ஒண்ணுமே கெடையாது” என்று வரவேற்றார். கேலி பாதி, ஆறுதல் பாதி. 

பதில்கள் ஒவ்வொன்றாக வந்தன. தலைமை அலுவலகம், கோரிக்கை ஏற்கப்பட்டது, வண்டி வந்தால் மாற்றப்படும் என்றது. முதல் இரண்டு நிலையங்கள் எதுவும் எழுதவில்லை. மூன்றாவது நிலையத்துக்காரர் எழுதினார்: அன்று தொலைபேசி பேசி முடித்ததும் அந்த அம்மா கொஞ்ச நேரம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். பிறகு வண்டியை எங்கள் மதிலோரம் நிறுத்திவிட்டு நடந்து போனார். பத்தொன்பது நாள் அங்கேயே நின்றது. இருபதாம் நாள் காலை பார்த்தால் இல்லை. அவரே வந்து எடுத்தாரா, வேறு யாராவதா, எங்களுக்குத் தெரியாது.

கடிதத்தை அனுப்பினால் பிடித்தது விட்டுவிடும் என்று வாரண்டிக்காரர் நினைத்திருந்தார். விடவில்லை. அந்தப் பத்தொன்பது நாளும் வந்து சேர்ந்துகொண்டன. பெட்டியைப் பிரிக்கும்போது, கண்ணாடியைப் பூட்டித் திருப்பும்போது, அதில் ஒரு மதிலும் மதிலோரம் ஒரு வண்டியும் தெரிந்துவிடுமோ என்று சட்டென்று துணியால் மூடுவார்.

அடுத்த வருடம், மழைக்காலம் முடிகிற சமயத்தில், அவருடைய சொந்த எண்ணுக்கு ஒரு அழைப்பு வந்தது. அவர் கேள்விப்பட்டே இராத ஒரு துறைமுக ஊர். சின்ன நிலையம், பேசியவள் வேலைக்குப் புதியவள் போல. ஒரு வண்டி வந்திருக்கிறது, ஷாக்கில் இந்த எண் இருக்கிறது, கோப்பில் உங்கள் கடிதம் இருக்கிறது, உறுதி செய்துகொள்ளத்தான் அழைத்தேன் என்றாள். எண்ணைப் படிக்க ஆரம்பித்தாள். மூன்றாவது இலக்கத்துக்கு மேல் அவரே சொல்லி முடித்தார்.

“அது மாத்தலம்மா. நான்தான் முன்னாடியே நம்பர அடிச்சிட்டேன். மாத்திக் குடுத்துடுங்க. அந்தம்மா பக்கத்துல இருக்காங்களா? ஒரு நிமிஷம் குடுங்களேன்.”

“எந்தம்மா? வந்திருக்கறவர் கப்பல்ல வேலை பாக்கறவர் சார். போன மாசம்தான் வண்டிய வாங்கியிருக்காரு.”

அவர் பெட்டிமேல் உட்கார்ந்தார். உத்தரவாதம் வண்டிக்குத்தான், ஆளுக்கு இல்லை. கை மாறினாலும் தேதி முடியும்வரை செல்லும். இதையும் புதியவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தது அவர்தான். இந்த வண்டியின் தேதி எப்போதோ முடிந்துவிட்டது. ஆனாலும் கோரிக்கை அதற்கு முன்பே பதிவானது, பிறகு ஏற்கப்பட்டுத் திறந்தே கிடந்ததால் செல்லும். யாரோ ஒரு கப்பல்காரருக்கு.

யாரிடம் வாங்கினாராம், கேளுங்கள் என்றார். அவள் அந்தப் பக்கம் திரும்பிக் கேட்டாள். கப்பல்காரரின் பதில் நீளமாகப் போயிற்று. அவள் துண்டு துண்டாகச் சொன்னாள். ஒரு வயதான பெண்மணி, துறைமுக வாசலில் வைத்துக் கொடுத்தாராம். பேரம் பேசுவதற்கு முன்னாலேயே தரையில் மண்டி போட்டு, இங்கே கசிகிறது, இங்கே ஒரு எண் அடித்திருக்கிறது, இதனால் உனக்கு எங்கேயும் மாற்றிக் கொடுக்கமாட்டார்கள், இதைத் தெரிந்துகொண்டு வாங்கு என்று காட்டினாராம். 

“அந்த நம்பர் எப்படி வந்துச்சுன்னு சொன்னாங்களாம்?”

அவள் கேட்டாள்.

“சொல்லலயாம் சார்.”

“அடிச்சவனப் பத்தி? திட்டியிருப்பாங்களே.”

மறுபடி அந்தப் பக்கம் பேச்சு. கப்பல்காரர் யோசித்துப் பார்த்துச் சொல்கிறார் என்று தெரிந்தது. வாரண்டிக்காரர் காதில் தொலைபேசியை அழுத்திப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார். ஒரு வசவு, ஒரு சாபம், ஏதாவது ஒன்று தன் பங்குக்கு வரும் என்று அவர் ஏறக்குறைய ஆசைப்பட்டார்.

“இல்லையாம் சார். யாரப் பத்தியும் ஒண்ணும் சொல்லலயாம். சாவியக் குடுத்துட்டு பஸ் எங்க நிக்கும்னு கேட்டாங்களாம்.” அவள் கொஞ்சம் நிறுத்தினாள். “நான் மாத்திடவா?”

“மாத்திடுங்க” என்றார் அவர். “பழசுல மறுபடி நம்பர் அடிக்க வேண்டாம். அதுல ஏற்கெனவே இருக்கு.”